உன் ரூலோட்டுக்கு மினக்கெடலாமா, செந்தூரன்?

என் செந்தூரனுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ எங்கே இருக்கிறாய் என்பதே எனக்குத் தெரியாது. இங்கே பனி உருகிவிட்டது. லொங்குய்யில் உன் அம்மா வீட்டு வாசலில் உன் ரூலோட் அப்படியே நிற்கிறது. அப்படியே என்பது பொய். ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது.

இதை எல்லோரும் படிக்கிற மாதிரிதான் எழுதுகிறேன். உன்னைத் தெரிந்தவர்கள் எங்கே பார்த்தாலும், "அந்த வண்டி என்ன ஆச்சு, திருத்தப்போறியளோ?" என்கிறார்கள். உன்னைப் பற்றிக் கேட்கக் கூச்சம், அதனால் வண்டியைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. உனக்குச் சொல்லிவிடுகிறேன். அவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

உன்னைத் தெரியாதவர்களும் படிக்கலாம். அவர்களுக்காக நாலு வரி. இது பிரெஞ்சு பேசுகிற கியூபெக். நீ இங்கே ஜான்-டலோன் சந்தையில் மாம்பழப் பெட்டி இறக்கினவன். நான் லொங்குய்யில் ஓர் அலுவலகத்தில் விமானப் பாகங்களுக்கு அதிர்வுக் கணக்குப் போடுகிறவன். நீ யாழ்ப்பாணம், நான் கரூர். நோத்ர-டாம்-த-கிரேஸில் நீ வாடகைக்கு விட்ட அறைக்கு நான் பெட்டியோடு வந்து நின்ற அன்றே, "வா மச்சான், சாப்பிட்டனியோ?" என்றாய். என் அக்கா தங்கை யாரையும் நீ கட்டவில்லையே, நான் எப்படி மச்சான் என்று கேட்டேன். "பொம்பிளை கட்டினாத்தான் மச்சானோ? வாடகை கட்டினாலும் மச்சான்தான்" என்றாய். அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ரூலோட் என்றால் கார் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, ஒரு மேசை. கட்டட வேலைக்காரர்களுக்கு விடுமுறை விடுகிற கோடை வாரங்களில் கியூபெக்கே இதை இழுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குக் கிளம்பும். உனக்கும் அந்த ஆசை வந்தது. ஒரு வயதான தம்பதியிடம் இதை வாங்கினாய். அம்மாவுக்குப் போன் போட்டு, "அம்மா, ரூலோட் ஒண்டு வாங்கியிருக்கிறன்" என்றாய். இங்கே தெருவோரச் சாப்பாட்டு வண்டிக்கும் அதே பெயர். அவர் ஒருநாள் முழுக்க, நீ சந்தை வேலையை விட்டுவிட்டு றோல்ஸ் விற்கப் போகிறாய் என்றே நம்பிக்கொண்டிருந்தார். மட்டன் றோல்ஸா, மீன் றோல்ஸா என்றுகூட விசாரித்தார். எங்கள் பக்கம் மட்டும் ஒழுங்கா? கேரவன் என்றதும் என் அம்மா, "யாருடா நடிக்கிறது?" என்றார். எங்கள் ஊரில் கேரவன் என்றால் நடிகர்கள் மேக்கப் போடுகிற வண்டி.

உண்மை தெரிந்ததும் உன் அம்மா சிரிக்கவில்லை. "மரத்துக்குக் கீழயும் தறப்பாளுக்குக் கீழயும் படுத்துக் களைச்சுப்போய்த்தான் இஞ்ச வந்தனாங்கள். நீ காசு குடுத்துத் திரும்பவும் காட்டுக்குள்ள போய்ப் படுக்கப்போறியோ?" என்றார். தறப்பாள் என்றால் தார்ப்பாய். போரில் இடம்பெயர்ந்து அலைந்த நாட்களில் நீ கைக்குழந்தை. உனக்கு நினைவில்லை, அவருக்கு மறக்கவில்லை. கடைசி வரைக்கும் அவர் அதற்குள் ஏறவே இல்லை.

நான் ஏறினேன். ஒரே ஒரு தடவை. ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் மழை பிடித்தது. வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் நீ பக்கத்து வண்டிக்காரரின் நாற்காலியை நசுக்கினாய். உள்ளே உட்கார்ந்து, சாம்பாரில் தேங்காய்ப்பால் விடலாமா கூடாதா என்று சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டோம். விடக்கூடாது. இப்போதும் சொல்கிறேன்.

டிசம்பரில் நீ போனாய். பெட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. மருத்துவமனையில் எனக்கு விளக்கினார்கள். குழாயின் சுவர் ஓரிடத்தில் மெலிந்திருந்தது, அழுத்தம் தாங்கவில்லை. இத்தனை வருடத்தில் எனக்குப் புரிகிற மொழியில் பேசிய முதல் மருத்துவர்கள் அவர்கள்தான். எல்லாம் புரிந்தது. புரிந்து என்ன?

உன் அறைக்கு நான் இன்னும் ஆள் பிடிக்கவில்லை. அலுவலகத்தில் பிரெஞ்சு பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கரூருக்குப் போன் போட்டு, "நல்லா இருக்கேன்" என்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் என் தமிழுக்கு வேலை இல்லை. சண்டை போட ஒரு ஆள் இல்லாமல் ஒரு மொழியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முனையில் இருக்கிற தெப்பனரில் பால் வாங்கப் போனேன். கடைக்காரர், "உன் அண்ணன் எங்கே, காணோமே?" என்றார். பாலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடைக்குப் போகிறேன். அங்கே பால் அவ்வளவு நன்றாக இல்லை.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

உன் அந்தியேட்டி, அதாவது முப்பத்தோராம் நாள் காரியம், முடிந்த வாரம் நான் ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கிக்கொண்டு மெட்ரோ ஏறி லொங்குய்க்குப் போனேன். ரூலோட்டின் கூரைத் தையல் விட்டிருந்தது எனக்குத் தெரியும். மேலே மூடிவிட்டால் குளிர்காலம் தாண்டிவிடும். பிரித்துக்கொண்டிருந்தபோது அம்மா கதவைத் திறந்துகொண்டு செருப்புகூடப் போடாமல் பனியில் வந்து நின்றார்.

"தம்பி, உதை இஞ்ச விரிக்காத."

"ஏன்மா? பனி உருகினா தண்ணி எல்லாம் உள்ளே இறங்கிடும்."

"இறங்கினா இறங்கட்டும். தறப்பாளை என்ர கண்ணில காட்டாத. நானும் அவனும் அதுக்குக் கீழ இருந்த இருப்புக் காணும்."

காணும் என்றால் உங்கள் பேச்சில் போதும். அதை நீ எனக்கு முதல் மாதமே சொல்லிக்கொடுத்திருந்தாய். வாதாட எனக்கு வாயில் நிறைய இருந்தது. அவர் கால் பனியில் இருந்தது. மடித்துப் பையில் வைத்து, மெட்ரோவின் மஞ்சள் கோட்டில் திரும்பக் கொண்டுவந்தேன்.

ஆகவே தண்ணி இறங்கியது. நான் சொன்னபடியே இறங்கியது. நான் சொன்னது சரியாக இருந்ததில் எனக்கு முதல் தடவையாக ஒரு சந்தோஷமும் இல்லை.

சித்திரை பிறந்த கையோடு உன் அம்மா போன் போட்டார். பழைய இரும்புக்காரன் ஒருத்தன் வாற சனிக்கிழமை வந்து வண்டியை இழுத்துக்கொண்டு போக நிற்கிறானாம். "திருத்திறதோ விடுறதோ, நீதான் சொல்லோணும். நீ எஞ்சினியர்" என்றார். உன்னைக் கேட்டிருந்தால், பேந்து பாப்பம், அதாவது பிறகு பார்க்கலாம், என்றிருப்பாய். அவர் என்னைக் கேட்டுவிட்டார். நான் பேந்து பார்க்கிறவன் இல்லை.

ஈரம் அளக்கிற முள்கருவி ஒன்றை அலுவலகத்தில் இரவல் வாங்கிக்கொண்டு போனேன். கூரைக்கு ஏணி வைத்து ஏறினேன். பாவி, நீ என்ன செய்து வைத்திருக்கிறாய்? தையல் முழுக்கக் குளியலறை சிலிக்கோனை அள்ளி அப்பியிருக்கிறாய். தோசைக்கரண்டியால் தடவினாயா? அது காய்ந்தால் அதன் மேல் வேறு எந்தப் பசையும் பிடிக்காது. இனி அந்த இடத்தை மூட வேண்டுமென்றால் உன் சிலிக்கோனை ஒரு பொட்டு விடாமல் சுரண்ட வேண்டும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் திட்டுவேன் என்று கேட்கவில்லை. தெரியும்.

உள்ளே வலது பின்மூலையில் முள்ளைக் குத்தினேன். பிஸ்கட்டில் இறங்குகிற மாதிரி இறங்கியது. சுவருக்குள் இருக்கிற மரச்சட்டம் உளுத்துவிட்டது. அந்தப் பக்கத் தரை கால் வைத்தால் அமுங்குகிறது. நான் கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்தவன். அங்கே ஒரு விதி உண்டு. பாடி போனால் புதுசு கட்டிக்கலாம், சேசிஸ் போனால் போச்சு. இந்த வண்டியின் சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், பாதிதான் வெளியே தெரிகிறது. துரு இருக்கிறது, ஆனால் மேல்துரு. பின்பாதி தரைக்கு அடியில் தகடு போட்டு மூடியிருக்கிறது. பெயர்த்தால்தான் தெரியும்.

அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கணக்கு எளிது. கடையில் கொடுத்தால், அந்தச் செலவுக்கு ஓடுகிற நிலையில் வேறொன்று வாங்கலாம். நாமே செய்தால் மரமும் தகடும் பெரிய செலவில்லை. வேலை நேரம்தான் செலவு. ஒரு கோடை முழுக்கச் சனிக்கிழமைகள் போகும். என் நேரத்துக்கு நான் ஒரு மதிப்பு வைத்திருக்கிறேன். அதை உள்ளே போட்டால் கணக்கு படுத்துவிடுகிறது. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் பெறாது.

அம்மாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "எதுக்கும் ஜில்லையும் ஒருக்காக் கேட்டுப் பாப்பம்" என்றார். ஜில் அதே தெருவில் இருக்கிற கியூபெக்காரர். வேலை பார்த்த காலமெல்லாம் ரூலோட் திருத்தினவர். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார், ஸ்குரூடிரைவர் பிடியால் சுவரைத் தட்டத் தொடங்கினார்.

"பூரி" என்றார். நகர்ந்து இன்னொரு இடத்தில் தட்டினார். "பூரி." குனிந்து தரையைத் தட்டினார். "பூரி, பூரி."

உளுத்துப்போச்சு என்று அர்த்தம். உங்கள் வீட்டில் பிரெஞ்சு எல்லாமே கடைசியில் சாப்பாட்டில்தான் போய் முடிகிறது.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ச வோ பா ல பென்."

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். பென் என்ற சொல்லை நான் மாலை வகுப்பில் படிக்கவில்லை. டிசம்பரில் நீ போன அந்த வாரத்தில் அலுவலகத்தில் படித்தேன். ஒவ்வொருவராக என் மேசைக்கு வந்தார்கள். எனக்குப் பென் இருக்கிறது என்றார்கள், உன் பென் புரிகிறது என்றார்கள், தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். துக்கம். அந்தச் சொல்லுக்கு எனக்குத் தெரிந்த ஒரே பொருள் அதுதான். ஆகவே ஜில் சொன்னது என் காதில் இப்படி விழுந்தது: இது துக்கப்படத் தகுதியானது இல்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தெரிந்த பிரெஞ்சை எல்லாம் கூட்டி அள்ளி, "ஐயா, நீங்கள் வண்டியைப் பாருங்கள், போதும். துக்கம் எங்களுடையது. அதற்குத் தகுதி உண்டா இல்லையா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றேன். ஜில் தன் ஸ்குரூடிரைவரைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஏன் அந்த மனுசனோட கொளுவுறாய்?"

"பின்ன என்னம்மா? செந்தூரனுக்காக வருத்தப்படறது வேஸ்ட்டுங்கறாரு. அவர் யாரு அதைச் சொல்ல?"

அம்மா ஒரு கணம் விழித்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. சின்னச் சிரிப்பு இல்லை. ரூலோட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாமல் அதன் படியில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ விசரா! அவர் எங்கையடா அப்பிடிச் சொன்னவர்? மினக்கெடத் தேவையில்லை எண்டெல்லே சொல்லுறார்!"

தையல் தொழிற்சாலையில் கியூபெக் பெண்களோடு இத்தனை வருடம் வேலை செய்த பிரெஞ்சு அவருடையது. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஜில்லிடம் நடந்ததை விளக்கினார். ஜில் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார். "அவனுக்குத் தகும். ரூலோட்டுக்குத்தான் தகாது" என்று எனக்காக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நீ போனபின் உன் அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றுதான். என்னைப் பார்த்துச் சிரித்தார் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அவர் படியிலிருந்து எழவில்லை. நான் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தேன். ஈரமாக இருந்தது.

"எங்க ஊர்லயும் மெனக்கெடறதுன்னு சொல்லுவோம்மா," என்றேன். "ஒரு வேலைக்காகச் சிரமப்பட்டு, அதையே கவனமா செய்றது. மெனக்கெட்டு வந்தேன், மெனக்கெட்டு சமைச்சேன்னு."

"எங்களுக்கும் அதுதான். ஆனா சும்மா ஒருத்தரோட இருந்து கதைச்சு நேரம் போனாலும் மினக்கெடுறதுதான். அவன் எனக்குப் போன் எடுக்கப் பிந்தினா, ஏனடா எண்டு கேப்பன். 'சரவணனோட மினக்கெட்டுப் போனன் அம்மா' எண்டுவான். ஒவ்வொரு கிழமையும் இதே கதை. உந்தப் பெடியன் அப்பிடி என்னத்தைக் கதைக்கிறான் எண்டு நான் யோசிக்கிறனான்."

என்னத்தைக் கதைத்தோம்? சாம்பார். வாடகை. உன் குறட்டை. நான் உன்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன், என் நேரத்தை வீணாக்காதே என்று. நீ அதை உன் அம்மாவிடம் வேறு சொல்லால் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய்.

பக்கத்து வீட்டில் யாரோ புல்வெட்டும் இயந்திரத்தைக் கிளப்பப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை.

"சரி, இரும்புக்காரனுக்கு என்ன சொல்ல?" என்றார்.

"வேண்டாம்னு சொல்லிடுங்க."

"ஏன், இப்ப பெறுமதியாப் போச்சோ?"

"இல்லம்மா. ஜில் சொன்னதும் சரி, என் கணக்கும் சரி. பெறாது. ஆனா செலவுன்னு நான் எழுதினது முழுக்க என் சனிக்கிழமைங்க. அதை வச்சிக்கிட்டு நான் அங்கே என்ன பண்றேன்? துணி துவைக்கிறேன். ஜன்னல் வழியா பஸ் போறதைப் பார்க்கிறேன். அதுக்குப் போய் ஒரு மதிப்பு போட்டு வச்சிருக்கேன்."

"எனக்காண்டி ஒண்டும் செய்யாத தம்பி. நான் சமாளிப்பன்."

"உங்களுக்காக இல்லைங்கம்மா. எனக்கு வேணும்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நீ பகிடி பண்ணியிருப்பாய், அதுவும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

அம்மா நிபந்தனை போட்டார். திருத்தி முடித்தாலும் அதற்குள் அவர் படுக்கமாட்டார். ஏரிக்கரைக்குப் பகலில் வருவார், பொழுது படுமுன் வீட்டில் கொண்டுவந்து விட வேண்டும். சரி என்றேன். எனக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. கூரையைத் திறந்துவிட்டால் மழைக்கு மேலே எதையாவது போட்டே ஆக வேண்டும். எதை என்று நான் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்தது. நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

"நீலம் வேண்டாம்," என்றார். "வேற நிறத்தில இருக்குமோ?"

வெள்ளை கிடைத்தது. மெனக்கெட்டுத் தேடினேன்.

இப்போது மூன்று சனிக்கிழமை ஆகிவிட்டது. உன் சிலிக்கோனைச் சுரண்டி முடித்தேன், உன்னைச் சபித்துக்கொண்டே. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து ஏணிக்குக் கீழே நிற்பார். நான் ஏன் இந்தச் சட்டத்தைக் கழற்றுகிறேன், ஏன் அதைக் கழற்றவில்லை என்று கேட்பார். நான் கோணலாகப் பிடித்தால் உடனே கண்டுபிடித்துவிடுகிறார், தைத்துப் பழகிய கண். நேற்று சாம்பாரில் தேங்காய்ப்பால் விட்டுக் கொண்டுவந்தார். நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்பேன் என்று நீ எதிர்பார்க்கிறாய். இல்லை.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. மஞ்சள் கோட்டில் திரும்பி வந்து கதவைத் திறக்கிறபோது வீடு அதே வீடுதான். உன் சப்பாத்து வாசலில் இருக்கிறது. நகர்த்தவில்லை. அதைத் தாண்டிக்கொண்டு உள்ளே போகிறேன்.

வருகிற சனிக்கிழமை தரையைப் பெயர்க்கிறோம். சேசிஸின் பின்பாதி அப்போதுதான் தெரியும். போயிருந்தால் போச்சு, அதற்குமேல் என்னால் எதுவும் செய்ய முடியாது. அதை உன் அம்மாவிடம் மறைக்கமாட்டேன். அன்றைக்கே, அந்த இடத்திலேயே சொல்வேன். இரும்புக்காரனை நானே கூப்பிடுவேன். வண்டியை இழுத்துக்கொண்டு போகும்போது அவர் பக்கத்தில் நிற்பேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமையும் நான் லொங்குய்க்குப் போவேன். வண்டி இல்லாத வாசலில் உனக்கு என்ன வேலை தம்பி என்று கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. உன் அம்மா வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டுகிறது. ஒரு வாஷர் மாற்றினால் நின்றுவிடும். ஒவ்வொரு வாரமும் கை கழுவும்போது பார்க்கிறேன், பார்க்காத மாதிரி வந்துவிடுகிறேன். எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும் வண்டி வாசலில் நிற்கிறவரைக்கும் அதில் கை வைக்கமாட்டேன், செந்தூரன். சத்தியம்.

உன் மச்சான்,
சரவணன்